குனிந்து பார்த்த வானம்

முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடிக்கொண்டும் இருக்கிற என் வயதுக்காரரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தெருவில் நாலு பேர் நின்று அண்ணாந்து பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முன்னுக்கு ஓடுவார்கள். நமக்கு அப்படியில்லை. நம்முடைய கால் முதலில் பின்னுக்குத் திரும்பும். அதற்குப் பிறகுதான் கழுத்து நிமிரும். வன்னியில் அந்த வருடங்களைக் கழித்த யாருக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியது இன்னொன்று. அந்த வருடங்களில், அந்த இடத்தில், பறவை பார்ப்பதற்கென்று ஒரு கழகம் இருந்தது. நான் அதில் உறுப்பினர். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கிளிநொச்சிப் பட்டணத்தை, எங்கள் பேச்சில் ரவுணை, விட்டு ஓடிவந்து, தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு சின்னக் குளத்தின் கீழே, தெரிந்தவர் ஒருவரின் காணியில் கொட்டில் போட்டிருந்தோம். அம்மா, நான், தம்பி, மூன்றே பேர். அப்பா வேலை விஷயமாக வவுனியாவுக்குப் போன நேரம் இராணுவம் பாதையைப் பூட்டிவிட்டது. அவர் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

தம்பிக்கு ஆறு வயது. நாங்கள் ரவுணை விட்டு வெளிக்கிட்ட அன்று வீட்டுக்குப் பின்னால் ஷெல் விழுந்தது. எங்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தம்பியின் இரண்டு காதிலிருந்தும் கொஞ்சம் இரத்தம் வந்தது. "அவ்வளவுதான், பிள்ளையாரப்பா, அவ்வளவுதான்" என்று அம்மா அவனைத் தடவித் தடவிச் சொன்னது நினைவிருக்கிறது. பின்னால் நின்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை என்பது கொட்டில் போட்டுக் குடியிருந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. காது போனதோடு அவன் கதைப்பதையும் விட்டுவிட்டான்.

குண்டு போடுகிற கிபிர் விமானத்தின் சத்தம் காது கேட்கிறவர்களுக்கே பிந்தித்தான் வரும். தம்பிக்கு அது வரவே வராது. அம்மா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முற்றத்தில் நின்று திடீரென்று அண்ணாந்து பார்ப்பார். பார்த்த கையோடு தம்பியைத் தூக்கிக்கொண்டு முற்றத்து ஓரம் வெட்டியிருந்த பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், பாய்வார். வெளியே வருவார், அண்ணாந்து பார்ப்பார், மறுபடியும் பாய்வார். காலையில் கஞ்சிக்கு முன்னும், மாலையில் போத்தல் விளக்குக் கொளுத்த முன்னும் இதுதான் எங்கள் வீட்டு விளையாட்டு. அது தம்பியின் உடம்பில் இறங்கிவிட்டது. யாராவது அண்ணாந்து பார்த்தால் போதும், கையில் என்ன இருந்தாலும் எறிந்துவிட்டுப் பங்கருக்கு ஓடுவான். ஊரில் எல்லோருடைய கழுத்தும் அவனுக்குக் காதாகிவிட்டது. அம்மா அந்தக் கிழமைதான் முதல்முறையாக வயிறாறச் சாப்பிட்டார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் கிளாக்கர் மாமா பறவைக் கழகத்தைத் தொடங்கினார்.

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. எங்களோடு ஓடிவந்து அடுத்த கொட்டிலில் இருந்தவர். நீர்ப்பாசனக் கந்தோரில் அரசாங்க உத்தியோகம், கிளாக்கர். கந்தோர் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஒவ்வொரு காலையும் தலையை எண்ணெய் வைத்து இழுத்து, வெள்ளைச் சேர்ட்டும் சால்வையுமாக வெளிக்கிட்டு நிற்பார். போவதற்கு இடம் இருக்காது. அந்த மனிதரால் சோறில்லாமல் இருக்க முடியும், கூட்டமில்லாமல் இருக்க முடியாது. தேவாரம், தலைமையுரை, அறிக்கை, நன்றியுரை என்று ஒழுங்காக நடக்கிற ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால்தான் அவருக்கு உலகம் நேராக நிற்கும். அதற்குப் பறவைகள் ஒரு சாட்டு என்றுதான் அம்மா சொல்வார். முழுக்க அப்படியும் இல்லை. கிளிநொச்சி வீட்டு அலுமாரியில் விட்டுவந்த பறவைப் புத்தகத்தையும் பைனாகுலரையும் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் இறங்கிவிடும்.

"மேல்தட்டிலை, வலப்பக்கம் கிடக்கு. திரும்பிப் போனவுடனை எடுத்துக்கொண்டு வாறன். அதுவரைக்கும் கண்ணாலை பாப்பம்."

கழகத்துக்கு வருடத்தில் மூன்று கூட்டம். ஐப்பசியில் பறவைகளுக்கு வரவேற்புக் கூட்டம். தையில் இடைக்காலக் கூட்டம். பங்குனியில் அவை திரும்பிப் போகும்போது பிரியாவிடைக் கூட்டம். ஆம், பறவைகளுக்குப் பிரியாவிடை. பாடசாலையில் மாற்றலாகிப் போகிற வாத்தியாருக்கு வைக்கிற மாதிரித்தான். உறுப்பினர்கள் பத்துப் பதினைந்து பேர். பாதிப்பேர் பிள்ளைகள். மீதியில் பக்கத்துக் காணி அக்காவும் ஒருவர். அவருடைய குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கத்துக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தது. அவர் கொஞ்சம் நெல்லும் நாலு ஆடுமாக இருந்தார். ஆளெண்ணிக்கைக்காகக் கிளாக்கர் மாமா அவரைப் பிடித்துப் போட்டார். கூட்டத்துக்கு ஆட்டையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

பறவை பார்க்க வெளியே போன முதல் வெளிக்களப் பயணம் கார்த்திகையில், இரண்டு மழைக்கு நடுவே வெயில் அடித்த ஒரு நாள். அம்மா என்னை அனுப்பினார், தம்பியைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் குளக்கட்டில் வரிசையாக நின்றோம். உயரத்தில் ஒரு கூட்டம் கூழைக்கடாக்கள், செட்டையை அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. வெள்ளையும் கறுப்புமாக அவை ஒன்றாகத் திரும்பும்போது வெயில் பட்டு மின்னும். கிளாக்கர் மாமா கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றோம்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. குளக்கட்டு ஊருக்கே தெரிகிற உயரம். அதில் ஒரு வரிசை சனம் அண்ணாந்து கைகாட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே வயலில் ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்புக்குள் விழுந்தார். பாடசாலைப் பிள்ளைகள் மரத்தடியிலிருந்து பதுங்குகுழிக்குப் பாய்ந்தார்கள். தேநீர்க் கடைக்காரர் கொதித்த கேத்திலைக் காலில் ஊற்றிக்கொண்டார். ஓடுகிற சனத்தைப் பார்த்து மற்றச் சனமும் ஓடியது. நாங்கள் மேலே நின்று, இவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று பயந்து, நாங்களும் ஓடினோம். ஊர் முழுக்கக் குழிக்குள் கிடக்க, கூழைக்கடாக்கள் மட்டும் தங்கள் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தன.

எல்லோரும் வெளியே வந்தார்கள், தம்பி வரவில்லை. எங்கள் பங்கரின் மூலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். கிபிர் வந்தால் குழி அதிரும். அது முடிந்துவிட்டதென்று அவனுக்கு அந்த அதிர்வுதான் சொல்லும். இன்றைக்கு அதிரவில்லை. ஆகவே இன்னும் முடியவில்லை. அம்மா சோற்றை அங்கேயே கொண்டுபோய்த் தீத்தினார். அன்றையிலிருந்து அவன் பங்கருக்குள்ளேயே சாப்பிட்டு, பங்கருக்குள்ளேயே படுக்கத் தொடங்கினான். ஈரமண்ணும் உக்கின பனங்குத்தியும் மணக்கிற குழி. ஒருநாள் அவனுடைய சாக்குக்குக் கீழே ஒரு விரியன் பாம்பு சுருண்டு கிடந்தது. அம்மா அதை அடித்துவிட்டு, வெளியே வந்து, முற்றத்தில் குந்தியிருந்து சத்தமில்லாமல் அழுதார்.

ஊர்ச்சனம் கிளாக்கர் மாமாவைக் கிழித்துத் தோரணம் கட்டியது. "உங்கடை குருவிச் சங்கத்தாலை எங்கடை உயிர் போகும் போலை கிடக்கு" என்று தேநீர்க் கடைக்காரர் வெந்த காலை நீட்டிக் காட்டினார். வேறு ஆளென்றால் கழகத்தைக் கலைத்திருப்பார். இவர் அவசரக் கூட்டம் கூட்டினார். தேவாரம் பாடி, தலைமையுரை ஆற்றி, ஒரு தீர்மானம் முன்வைத்தார்: கழக உறுப்பினர் எவரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது. பறவைகளைத் தண்ணீரில் மட்டுமே பார்க்க வேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, அக்காவின் ஆடு மட்டும் கத்தியது.

இப்படித்தான் உலகத்திலேயே குனிந்துகொண்டு பறவை பார்க்கிற ஒரே கழகம் நாங்கள் ஆனோம். மார்கழி கழிந்து குளம் தெளிந்த பிறகு, காற்று எழும்பாத விடியற்காலைகளில் போவோம். நின்றால் நிழல் தண்ணீரில் விழும் என்பதால், கட்டின் உட்சரிவில் உரப்பையை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். கதைத்தால் கரையோரத்துக் கொக்குகள் எழும்பிவிடும். ஆகவே கிளாக்கர் மாமா வாய் திறக்கமாட்டார். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து இரண்டு தரம் அமத்துவார். படு, தண்ணீரைப் பார் என்று அர்த்தம். வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிற்பாட்டுவார்கள்.

"என்ன தங்கச்சி, மோதிரம் கீதிரம் துலைச்சுப்போட்டியளோ?"

"இல்லை அண்ணை, நாரை பாக்கிறம்."

அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிதிப்பார். தண்ணீரில் பார்ப்பதால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பறவைகளின் வயிறுதான். முதுகு எந்த நிறமென்று கேட்டால் முழிப்போம். வயிற்றையும் நீட்டிய காலையும் வைத்தே இது நத்தைகுத்தி, இது தாரா, இது நீர்க்காகம் என்று சொல்வோம். நான் பிற்காலத்தில் படமுள்ள பறவைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தபோது ஒன்றையும் அடையாளம் பிடிக்க முடியவில்லை.

தம்பியைக் குழிக்கு வெளியே கொண்டுவந்தது அந்தத் தண்ணீர்தான். ஒருநாள் அம்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவனை என்னோடு அனுப்பினார். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். அவனும் கிடந்தான். தண்ணீருக்குள் ஒரு கூழைக்கடா நீந்துகிற மாதிரிப் பறந்து போனது. அவன் என் கையைக் கிள்ளினான். பிறகு தன் நாடிக்குக் கீழே கையைக் குழித்து ஒரு பையைக் காட்டினான். கூழைக்கடாவுக்கு அவன் வைத்த பெயர் அது. நத்தைகுத்திக்கு இரண்டு விரலை நடுவில் இடைவெளி விட்டு மூடுவான். நீர்க்காகத்துக்குக் கையை விரித்துக் காய வைப்பான். கிளாக்கர் மாமாவுக்குச் சால்வையை இழுத்து விடுகிற சைகை. கழகம் முழுவதும் அந்தச் சைகைகளைப் பழகிக்கொண்டது, ஏனென்றால் கதைக்காமலே கதைக்க அதைவிட வசதி வேறில்லை. ஊமை என்று ஊர் சொன்ன பிள்ளையின் பாஷையை ஊர்ப் பெரியவர்கள் குப்புறக் கிடந்து படித்தார்கள். எனக்கு அப்போது நெஞ்செல்லாம் பெருமை.

அதோடு நிற்பாட்டியிருக்கலாம். ஆனால் கிளாக்கர் மாமாவுக்கு எதையும் ஒரு படி கூடச் செய்தால்தான் திருப்தி.

தைக் கடைசியில் நடந்த இடைக்காலக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளை தண்ணியைப் பாத்தால் சிரிக்கிறான். வானத்தைப் பாத்தால் சாகிறான். வானம் அவன்ரை சொத்து இல்லையோ? கண்டாவளைப் பக்கத்துத் தரவைக்குக் கொண்டுபோவம். அங்கை வீடுவாசல் இல்லை, ஆரும் பதறமாட்டினம். நாங்கள் எல்லாரும் நிண்டு அண்ணாந்து பாப்பம். ஒண்டும் நடக்காது எண்டு அவன் கண்ணாலை காணட்டும். பயம் தெளிஞ்சிடும்."

அம்மா உடனே தலையாட்டினார். பாம்பு அவருடைய கண்ணுக்குள் நின்றது. பக்கத்துக் காணி அக்காதான் ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி எழும்பினார்.

"ஐயா, நான் படிக்காதவ, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புள்ளைக்குப் பயந்தான் காது. அத எதுக்குப் புடுங்குறீங்க?"

"பிள்ளை காலம் முழுக்கப் பயந்துகொண்டே சீவிக்கிறதோ?"

"சீவிக்கட்டும்யா. மொதல்ல சீவிக்கட்டும்."

யாரும் அவரை ஆதரிக்கவில்லை. பதினொரு வயதுக்காரியை யாரும் கேட்கவும் இல்லை. இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவின் இடத்தில் நின்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தேன். பாம்பா, விமானமா என்று ஒரு தாயைத் தெரிவு செய்யச் சொன்னால் அவள் எதைத் தெரிவு செய்வாள்? கண்ணால் கண்டதைத்தான். நான் அம்மாவைக் குற்றம் சொல்லமாட்டேன். கிளாக்கர் மாமாவை நெடுநாள் சொன்னேன்.

தரவை என்பது மரமில்லாத புல்வெளி. மாரி கழிந்தால் ஆங்காங்கே உப்புத் தண்ணீர் நிற்கும், கால் வைத்தால் மண் பொருக்குப் பொருக்காக உடையும். மண்ணெண்ணெயில் ஓடுகிற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் புகைக்கு இருமிக்கொண்டு போனோம். முதல் நாள் நாங்கள் அண்ணாந்து பார்த்ததும் தம்பி ஓட இடமில்லாமல் பெட்டிக்கு அடியில் புகுந்தான். கிளாக்கர் மாமா வெள்ளைச் சேர்ட்டோடு தானும் புழுதியில் ஊர்ந்து உள்ளே போய், அவனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு இருவரும் தலையை மட்டும் வெளியே நீட்டினார்கள். இரண்டாம் முறை போனபோது அவன் அவருடைய தோளில் இருந்தான். மூன்றாம் முறை, சிவந்த கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு பூநாரைக் கூட்டமொன்று தலைக்கு மேலால் போனது. தம்பி இரண்டு கையையும் விரித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, சத்தம் வராத சிரிப்புச் சிரித்தான். அம்மா அழுதார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் மட்டும் அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து, முற்றத்தில் அவன் கோடு கீறி விளையாடிக்கொண்டிருந்தபோது, நான் திடீரென்று அண்ணாந்து பார்த்தேன். அவன் ஓடவில்லை. நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வானத்தில் தேடினான். பிறகு என்னைப் பார்த்து நாடிக்குக் கீழே கையைக் குழித்துக் காட்டினான். கூழைக்கடாவா அக்கா?

"அம்மா, இவன் இப்ப ஓடுறானில்லை."

"நல்லதுதானே பிள்ளை. பயம் தெளிஞ்சிட்டுது."

"உண்மையாயே பிளேன் வந்தால்?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்த கையை ஒரு கணம் நிறுத்தினார். "நீ பக்கத்திலை நிப்பாய்தானே" என்றார்.

இந்த ஒரு வசனம் என்னை என்ன செய்ததென்று அம்மா சாகும்வரை அறியார். அன்றையிலிருந்து நான் சிறுபிள்ளையில்லை, அவனுடைய காது. பாடசாலையில் இருந்தால் அவன் எங்கே நிற்கிறானோ என்று மனம் அடிக்கும். கிணற்றடியில் முகத்தில் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடும்போதும் பயம். வேவு விமானம் வண்டு மாதிரி இரைந்துகொண்டு நிற்கிற நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. என் பழைய பாவாடை நாடாவை எடுத்து, ஒரு நுனியை அவனுடைய மணிக்கட்டிலும் மறு நுனியை என்னுடையதிலும் கட்டிக்கொண்டேன். அவனுக்கு அது விளையாட்டு. இழுத்து இழுத்துச் சிரிப்பான். எனக்கு மணிக்கட்டில் தோல் உரிந்தது. பக்கத்துக் காணி அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நல்லெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டார்.

பங்குனி வந்தது. தாராக்கள் போகத் தொடங்கின. பிரியாவிடைக் கூட்டத்தைக் குளக்கட்டிலேயே, மருதமரத்துக்குக் கீழே வைப்பதென்று முடிவாயிற்று. தலைவர் உட்கார நாற்காலி வேண்டுமென்று கிளாக்கர் மாமா தன் ஒரேயொரு கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒரு பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கினோம், அம்மாவின் சேலை மேசைவிரிப்பாயிற்று. எனக்கு இரண்டு வேலை: பால் விடாத பிளேன்ரீ ஊற்றுவது, கடைசியில் நன்றியுரை சொல்வது. நன்றியுரையை ஒரு கிழமையாக மனப்பாடம் செய்திருந்தேன். வந்த பறவைகளுக்கும் வராத பறவைகளுக்கும் நன்றி என்று தொடங்கும். அதைக் கிளாக்கர் மாமாதான் சொல்லித் தந்தார்.

கூட்டம் தொடங்குமுன் அம்மா என் மணிக்கட்டைக் கண்டார்.

"உதென்ன, ஆட்டுக்குட்டியே அவன்? நாலு பேர் வாற இடத்திலை. அவிழ்."

நான் மாட்டேன் என்றேன். அவர் தானே குனிந்து முடிச்சை அவிழ்த்து நாடாவைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். தம்பி தன் உரப்பையோடு கட்டின் உட்சரிவில் இறங்கித் தண்ணீரோரத்துக்குப் போனான். நான் வெளிச்சரிவில் இறங்கி, மூன்று கல் அடுப்பில் கேத்திலை வைத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் குளக்கட்டு. அவன் என் கண்ணில் படவில்லை.

தலைமையுரை தொடங்கியது. "அன்பார்ந்த கழக உறுப்பினர்களே, எங்களை விட்டுப் பிரியும் எமது விருந்தாளிகள்..." என்று அவர் இழுத்தபோது, கூட்டத்தில் ஒரு கழுத்து நிமிர்ந்தது. பிறகு எல்லாக் கழுத்தும் நிமிர்ந்தன. வெகு உயரத்தில் ஒரு பொட்டு வெயிலில் மின்னித் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது, வானத்தையே இரண்டாகக் கிழிக்கிற சத்தம். சனம் கட்டிலிருந்து உருண்டு வெளிச்சரிவுக்குக் கீழே இருந்த வாய்க்கால் குழிக்குள் விழுந்தது. நான் கேத்திலைத் தட்டிவிட்டுக் கட்டில் ஏறினேன். பின்னாலிருந்து யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் போட்டு மேலே விழுந்தார்கள். பக்கத்துக் காணி அக்கா. அவருடைய கைக்கு அடியால் எனக்குத் தெரிந்தது கட்டின் உச்சியும் கதிரையும் மட்டும்தான். அம்மா எங்கோ தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். கேட்கிற எல்லோருக்கும் அது கேட்டது.

கிளாக்கர் மாமாவும் எங்களோடு குழியை நோக்கித்தான் ஓடிவந்தார். பாதிச் சரிவில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. திரும்பிக் கட்டின் உச்சிக்கு ஏறினார்.

மறுபக்கத்தில் தம்பி என்ன செய்துகொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அதைக் கற்றுக்கொடுத்தவருக்கும் தெரியும். தூக்கிக்கொண்டு ஓட நேரமில்லை. கூப்பிட்டுப் பயனில்லை. அவன் தன்னைக் காண வேண்டுமென்றால் உச்சியில் நிற்க வேண்டும். அவர் நின்றார். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து இரண்டு தரம் அமத்தினார். சைகை போதாதென்று நினைத்தாரோ என்னவோ, தன் தலையையும் குனிந்து, தண்ணீரைப் பார்க்கிற மாதிரி நின்று காட்டினார். மறுபடியும் கையை அமத்தினார். ஒரு விடியற்காலையில் கொக்கு பார்க்கிற அதே நிதானம்.

குண்டு எங்களைத் தாண்டி வயலுக்குள் விழுந்தது. மண் மழையாகக் கொட்டியது. அக்காவின் கை தளர்ந்தபோது நான் எழும்பிப் பார்த்தேன். கதிரை கவிழ்ந்து கிடந்தது. உச்சியில் யாரும் நிற்கவில்லை.

நான் நாலுகாலில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். தம்பி உரப்பையில் குப்புறக் கிடந்தான். மூக்கு தண்ணீருக்கு அருகில். அசையவில்லை. பிறகு அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். முகத்தில் சரியான கோபம். தண்ணீர் அதிர்ந்து அலையடித்துப் படம் கலங்கிவிட்டது என்று கையால் காட்டினான். அதற்கு முன் தான் கண்டதையும் காட்டினான். இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிக் கூராக்கி நேராக நீட்டினான். செட்டை அடிக்காது. காலும் இல்லை. வயிறு மட்டும். இது என்ன பறவை அக்கா?

கிளாக்கர் மாமா அவனுக்குப் பின்னால், எனக்குச் சற்றுத் தள்ளி, கட்டின் ஓரத்தில், முதுகில் குண்டுச் சிதறல் பட்டு, சால்வைக்கு மேல் விழுந்து கிடந்தார். தம்பி அந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லை. நான் இறங்கி ஓடி அவனுடைய கண்ணைப் பொத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள்ளேயே அவருடைய உயிர் போய்விட்டது. அந்தக் கழகம் அதற்குப் பிறகு கூடவில்லை. கதிரை கொஞ்சநாள் எங்கள் கொட்டிலில் இருந்தது. அடுத்த இடப்பெயர்வில் அதையும் விட்டுவிட்டு ஓடினோம். கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனபோது அவருடைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் கிடந்தது. மேல்தட்டு, வலப்பக்கம் என்று நான் அந்த வெளியில் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

எனக்கு அவர் மேல் ஆறாத கோபம். நல்ல மனிதர், நல்ல எண்ணம், எல்லாம் சரி. ஆனால் அவர் அந்தப் பயத்தைப் பிடுங்கியிராவிட்டால் தம்பி தானாகவே ஓடியிருப்பான், அவரும் செத்திருக்கமாட்டார். இதைச் சொல்லிச் சொல்லியே நான் நரைத்தேன். அக்கா சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

போன பங்குனியில் தம்பி என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கண்டாவளைத் தரவைக்குக் கொண்டுபோனான். அவன் இப்போது தச்சு வேலை செய்கிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பூநாரைகள் வந்திருந்தன. அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கையை விரித்து, அதே சத்தமில்லாத சிரிப்போடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நம் வயதில் அப்படிப் பார்க்கக்கூடிய ஒருவரையும் நான் கண்டதில்லை. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. வழக்கம்போல அவனுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அதைக் கண்டான். சிரித்துக்கொண்டே உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து இரண்டு தரம் அமத்தினான்.

சால்வை இழுக்கிற சைகையை அவன் எப்போதோ விட்டுவிட்டான். அவனுடைய பாஷையில் கிளாக்கர் மாமாவின் பெயர் இப்போது உள்ளங்கையை அமத்துகிற அந்தச் சைகைதான்.

கழகத்தின் ஒழுங்குப்படி, நன்றியுரை சொல்லாமல் கூட்டம் முடியாது. அது என் பொறுப்பில் இருந்தது. உப்புத் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். பூநாரைகளின் வயிறு தெரிந்தது, பக்கத்தில் தம்பியின் முகம் தெரிந்தது. வாய்விட்டே சொன்னேன். அவனுக்குக் கேட்காது, கேட்க வேண்டியவருக்கும் கேட்காது.

தலைவர் அவர்களே, வந்த பறவைகளுக்கும் வராத பறவைகளுக்கும் நன்றி. எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான். தம்பி இருக்கிறான். நன்றி.